புகையைப் பார்த்து அமுக்கு

நேயர்கள் எல்லோருக்கும் வணக்கம். தடகளப் போட்டிகளில் ஓடுகிறவர்களுக்கு நேரம் எடுத்துக் கொடுப்பது என் வேலை. பள்ளி விளையாட்டு விழாவில் ஆரம்பித்து மாநிலப் போட்டி வரைக்கும், முடிவுக் கோட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தே இருபத்தைந்து வருஷம் போய்விட்டது. இன்றைக்கு அதைப் பற்றித்தான் பேசப் போகிறேன்.

எனக்கு முதன்முதலில் ஸ்டாப்வாட்சைக் கையில் கொடுத்த பி.டி. சார் ஒரே ஒரு பாடம்தான் நடத்தினார். "சத்தத்தைக் கேட்டு அமுக்காதே, புகையைப் பார்த்து அமுக்கு." எனக்கு அப்போது புரியவில்லை. வீட்டுக்குப் போய்க் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒலி வினாடிக்குச் சுமார் 340 மீட்டர் போகும், துப்பாக்கி சுட்டு ஓட்டத்தைத் தொடங்கிவைக்கும் ஸ்டார்ட்டர் நூறு மீட்டர் தள்ளி நிற்கிறார், அப்படியானால் துப்பாக்கிச் சத்தம் என் காதுக்கு வர 0.29 வினாடி ஆகும். அதற்குள் ஓடுகிற பையன் காலை ஊன்றியிருக்கும் பிளாக்கை உதைக்கவே தொடங்கியிருப்பான். சத்தத்தை நம்பி அமுக்கினால் பதினோரு வினாடியில் ஓடியவனை 10.7-ல் ஓடியதாக எழுதிக் கொடுத்துவிடுவேன். புகை கண்ணுக்கு உடனே தெரிந்துவிடும்.

முடிவுக் கோட்டுக்கு நேராகப் படிக்கட்டு மாதிரி ஒரு இரும்பு ஸ்டாண்டு போட்டிருப்பார்கள். அதில் ஒருவர் தலைக்கு மேல் ஒருவராக உட்காருவோம், முதலில் வருகிறவருக்கு மூன்று பேர் நேரம் எடுப்போம். மூன்று வாட்சில் இரண்டு ஒத்துப்போனால் அதுதான் நேரம், மூன்றும் மூன்று விதமாக இருந்தால் நடுவில் இருப்பது. நன்றாகப் பழகியவர்கள்கூட இதில் ஒரு தப்பு செய்வார்கள், தெரிந்து செய்வதில்லை, நம் உடம்பின் அமைப்பே அப்படி. புகை எந்த நொடியில் வரும் என்று முன்கூட்டித் தெரியாது, அதனால் கண் பார்த்து, மூளைக்குப் போய், விரல் அமுக்குவதற்குள் கொஞ்சம் தாமதமாகிவிடும். ஆனால் ஓடி வருகிறவர் கோட்டை நெருங்குவது கண்ணுக்கு நன்றாகத் தெரிகிறது, அதனால் நிறுத்தும்போது அந்தத் தாமதம் வருவதில்லை, சில சமயம் ஒரு துளி முந்திக்கூட அமுக்கிவிடுவோம். அதனால் கைநேரம் பெரும்பாலும் உண்மையைவிடக் குறைவாகவே வரும். 100, 200 மீட்டரில் கைநேரத்தை மின்கருவி நேரத்தோடு ஒப்பிட வேண்டுமானால் 0.24 வினாடி கூட்டிக்கொள்வது வழக்கம், 400 மீட்டருக்கு 0.14. 1977-லிருந்து 400 மீட்டர் வரையுள்ள ஓட்டங்களுக்கு முழுக்கத் தானியங்கிக் கருவியில் எடுத்த நேரத்தைத்தான் உலக சாதனையாக ஏற்கிறார்கள்.

கால் வினாடிதானே என்று நம் நாட்டில் யாரும் சொல்லக் கூடாது. 1960 ரோம் ஒலிம்பிக் 400 மீட்டரில் மில்கா சிங் நான்காவதாக வந்தார். கைநேரத்தில் வெண்கலம் வாங்கிய தென்னாப்பிரிக்காவின் மால்கம் ஸ்பென்ஸ் 45.5, மில்கா 45.6. கூடவே ஓடிக்கொண்டிருந்த மின்கருவியில் பார்த்தால் 45.60, 45.73. நாம் இத்தனை வருஷமாகப் பத்தில் ஒரு வினாடி என்று சொல்லி வருவது உண்மையில் 0.13. அப்புறம் 1984 லாஸ் ஏஞ்சலஸ், 400 மீட்டர் தடை ஓட்டம். பி.டி. உஷா 55.42, வெண்கலம் வாங்கிய ருமேனிய வீராங்கனை 55.41. நூறில் ஒரு வினாடி. அந்த வேகத்தில் அது ஏழு சென்டிமீட்டருக்கு மேல் இருக்காது. உங்கள் கையை நீட்டி நான்கு விரலைச் சேர்த்து வைத்துப் பாருங்கள், அந்த அகலம்தான். எனக்கு அதில் இன்றைக்கும் வருத்தம் இருக்கிறது, ஆனால் துளியும் சந்தேகம் கிடையாது. படம் இருக்கிறது, நேரம் இருக்கிறது. கண்ணால் பார்த்து யாராவது சொல்லியிருந்தால் நாற்பது வருஷமாக அந்த மனிதரைத் திட்டிக்கொண்டிருப்போம்.

கண்ணை நம்பினால் என்ன ஆகும் என்பதற்கும் அதே ரோம்தான் சாட்சி. நீச்சலில் 100 மீட்டர் ஃப்ரீஸ்டைல், ஆஸ்திரேலியாவின் ஜான் டெவிட்டும் அமெரிக்காவின் லான்ஸ் லார்சனும் கிட்டத்தட்ட ஒன்றாகச் சுவரைத் தொட்டார்கள். டெவிட்டுக்கு நேரம் எடுத்த மூன்று பேரும் 55.2 என்றார்கள். லார்சனுக்கு எடுத்தவர்கள் 55.0, 55.1, 55.1 என்றார்கள். வாட்ச் சொல்வது தெளிவாக இருக்கிறது, இல்லையா? ஆனால் அன்றைய விதிப்படி இடத்தைச் சொல்ல வேண்டியது கண்ணால் பார்க்கும் நடுவர்கள். முதலிடத்தைப் பார்த்த மூவரில் இருவர் டெவிட் முதல் என்றார்கள், இரண்டாம் இடத்தைப் பார்த்த மூவரில் இருவர் டெவிட்தான் இரண்டாவது என்றார்கள். ஆக மூன்றுக்கு மூன்று. கடைசியில் தலைமை நடுவர் டெவிட்டுக்குத் தங்கம் என்று அறிவித்தார். அதோடு விடவில்லை, லார்சனின் நேரத்தையும் 55.2 என்று மாற்றி எழுதினார்கள். நேரம் எடுக்கிறவனாக எனக்கு அந்தக் கடைசி வரிதான் தாங்கவில்லை. தங்கம் யாருக்கு என்பதில் கருத்து வேறுபாடு வரலாம், ஆனால் ஒருவர் நீந்திய நேரம் அவருடைய உழைப்பு, அதைத் திருத்த நாம் யார்?

1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில் சுவரில் தொடுபலகை வந்துவிட்டது. அலை மோதினால் கடிகாரம் நிற்காது, நீந்துபவரின் கை அமுக்கினால் நிற்கும். அதிலும் ஒரு எல்லை உண்டு. 1972 மியூனிக்கில் நான்கு வகை நீச்சலையும் ஒருவரே நீந்தும் 400 மீட்டர் தனிநபர் மெட்லியில் இரண்டு பேருக்கும் 4 நிமிடம் 31.98 வந்தது, ஆயிரத்தில் பிரித்துப் பார்த்து 0.002 வினாடியில் சுவீடனின் குன்னார் லார்சனுக்குத் தங்கம் கொடுத்தார்கள். அப்புறம் யோசித்தால், 0.002 வினாடி என்பது அந்த வேகத்தில் மூன்று மில்லிமீட்டர். நீச்சல் குளத்தில் ஒரு லேனுக்கும் இன்னொரு லேனுக்கும் நீளத்தில் அவ்வளவு வித்தியாசம் கட்டும்போதே வந்துவிடும். அதனால் நீச்சலில் நூறில் ஒன்றோடு நிறுத்திக்கொண்டார்கள். கருவி அதற்கு மேல் காட்டினாலும் கணக்கில் எடுப்பதில்லை. எனக்குப் பிடித்த விதி இது. 2016 ரியோவில் 100 மீட்டர் பட்டாம்பூச்சி நீச்சலில் சிங்கப்பூரின் ஜோசப் ஸ்கூலிங் தங்கம் வாங்கினாரே, அவருக்குப் பின்னால் ஃபெல்ப்ஸ் உட்பட மூன்று பேருக்கு ஒரே நேரம், 51.14, மூவருக்கும் வெள்ளி.

ஓட்டத்தில் மட்டும் ஆயிரத்தில் பார்ப்போம், ஏனென்றால் கோடு எல்லோருக்கும் ஒன்றுதான், அதைப் பார்க்கும் கேமராவும் ஒன்றுதான். அந்தக் கேமராவைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல ஆசை. கதவிடுக்கு வழியாகத் தெருவைப் பார்த்திருப்பீர்கள், ஒரு மெல்லிய கீற்றுதான் தெரியும். ஃபோட்டோ ஃபினிஷ் கேமராவும் அப்படி முடிவுக் கோட்டை மட்டும், ஒரு கீற்றாகப் பார்த்துக்கொண்டே இருக்கும். நாங்கள் மாவட்டத்தில் வைக்கிற கேமரா வினாடிக்கு ஆயிரம் இரண்டாயிரம் கீற்று எடுக்கும், ஒன்றை அடுத்து ஒன்றாக ஒட்டிக்கொண்டே போனால் ஒரு படம் வரும். அந்தப் படத்தில் இடமிருந்து வலமாக இருப்பது தூரம் என்று நினைக்கக் கூடாது, அது நேரம். படத்தில் இருக்கிற எல்லோரும் கோட்டின் மேல்தான் இருக்கிறார்கள், ஆளுக்கொரு நொடியில். அதனால் படம் விநோதமாக இருக்கும். யாராவது சரியாகக் கோட்டின் மேல் காலை ஊன்றியிருந்தால் அந்த ஷூ படகு மாதிரி நீண்டிருக்கும், வேகமாக வீசிய கை குச்சியாக மெலிந்திருக்கும்.

நான் கம்ப்யூட்டரில் ஒரு செங்குத்துக் கோட்டை நகர்த்தி நகர்த்தி ஒவ்வொருவர் உடம்பிலும் வைப்பேன். தலை கணக்கில்லை, கழுத்து, கை, கால் எதுவும் கணக்கில்லை, நடு உடம்பின் விளிம்பு எங்கே தொடுகிறதோ அங்கேதான் நேரம். இடுப்பில் ஒட்டுகிற லேன் நம்பரைப் பிள்ளைகள் அவசரத்தில் கேமரா இல்லாத பக்கம் ஒட்டிவிடுவார்கள், அப்போது ஜெர்சி நிறத்தை வைத்துத் தேடிக்கொண்டிருக்க வேண்டும். சாயங்காலம் வெளிச்சம் குறைந்தால் இன்னொரு கஷ்டம், ஒவ்வொரு கீற்றும் ஆயிரத்தில் ஒரு வினாடி வெளிச்சத்தில்தான் பதிகிறது, ஆறு மணிக்கு மேல் படம் இருட்டிவிடும்.

2024 பாரிஸ் 100 மீட்டர் ஃபைனலை நீங்கள் டிவியில் பார்த்திருக்கலாம். ஓடி முடித்தவர்களுக்கே யார் ஜெயித்தார்கள் என்று தெரியவில்லை, எல்லோரும் ஸ்கோர்போர்டைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். நோவா லைல்ஸ் 9.784, ஜமைக்காவின் கிஷேன் தாம்ப்சன் 9.789. வினாடிக்கு 40,000 கீற்று வரை எடுக்கும் கேமரா அங்கே இருந்தது. அந்த வேகத்தில் இரண்டு பேருக்கும் நடுவில் இருநூறு கீற்று. படத்தைப் பார்த்தால் தாம்ப்சனின் கால்தான் முன்னால் தெரியும், லைல்ஸின் மார்பு முந்தியிருக்கும். பலகையில் இரண்டு பேருக்கும் 9.79 என்றுதான் வந்தது. 9.784 எப்படி 9.79 ஆகும் என்று நிறைய பேர் என்னிடம் கேட்டார்கள். ஓட்டத்தில் ஆயிரத்தை நூறாக்கும்போது எப்போதும் மேல் பக்கமாகத்தான் தள்ள வேண்டும். 2006-ல் தோஹாவில் ஜஸ்டின் காட்லின் 9.766 ஓடினார், அதைக் கீழே தள்ளி 9.76, புதிய உலக சாதனை என்று அறிவித்துவிட்டார்கள். சில நாள் கழித்து 9.77 என்று திருத்த வேண்டி வந்தது, அப்போது உலக சாதனையை வைத்திருந்த அசஃபா பவலோடு சமன், அவ்வளவுதான். (ஊக்கமருந்து விவகாரத்தில் பின்னாளில் அந்த ஓட்டமே ரத்தாகிவிட்டது.)

முடிவை விட ஆரம்பம் இன்னும் நுணுக்கமானது. 400 மீட்டரில் எட்டாவது லேன்காரர் முதல் லேன்காரருக்கு 53 மீட்டர் முன்னால் நிற்பார். ஸ்டார்ட்டர் முதல் லேன் பக்கமே நின்று சுட்டால் எட்டாவது லேனுக்குச் சத்தம் போய்ச் சேர 0.13 வினாடிக்கு மேல் ஆகும். உஷா தோற்றது 0.01-ல் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். அதனால்தான் பெரிய போட்டிகளில் ஒவ்வொரு பிளாக்குக்குப் பின்னாலும் ஒரு ஸ்பீக்கர் வைத்து எல்லோருக்கும் ஒரே நொடியில் சத்தத்தைக் கேட்க வைக்கிறார்கள். ஸ்பீக்கர் இல்லாத மைதானத்தில், எல்லோருக்கும் ஏறக்குறைய ஒரே தூரம் வருகிற மாதிரி இடம் பார்த்து நிற்பதுதான் நல்ல ஸ்டார்ட்டரின் திறமை.

பிளாக்கிலும் உணர்கருவி இருக்கும், சத்தம் வந்து 0.100 வினாடிக்குள் கால் அழுத்தினால் ஃபால்ஸ் ஸ்டார்ட், அதாவது முந்திக் கிளம்பிய தப்பு, ஏனென்றால் அவ்வளவு சீக்கிரம் கேட்டுக் கிளம்ப மனிதரால் முடியாது என்று வைத்திருக்கிறார்கள். 2022 யூஜீன் உலகப் போட்டியில் அமெரிக்காவின் டெவன் ஆலன் 0.099-ல் வெளியே போனார். எனக்கு அது உறுத்தல்தான். எந்த எல்லைக்கும் ஒரு மயிரிழை இந்தப் பக்கம் ஒருவர் நிற்கத்தான் செய்வார் என்று மனதைத் தேற்றிக்கொள்கிறேன், முழுசாகத் தேறவில்லை.

பலகையைப் பற்றியும் ஒரு வார்த்தை. மைதானத்தில் ஓடுகிற கடிகாரம் ஒரு ஒளிக்கதிர் அறுபட்டதும் நிற்கும், அது தோராயம்தான், படத்தைப் படித்த பிறகு வருவதுதான் உண்மையான நேரம். 2008 பெய்ஜிங்கில் உசைன் போல்ட் கோட்டைத் தாண்டியதும் 9.68 என்று காட்டி, அப்புறம் 9.69 ஆனது அப்படித்தான். ஆனால் ஜனங்கள் நம்புவது பலகையை. 1976 மாண்ட்ரியலில் ஜிம்னாஸ்டிக்ஸில் நாடியா கோமனேச்சிக்கு முழுப் பத்து மதிப்பெண் கிடைத்தபோது பலகையில் 1.00 என்று வந்தது, பத்து என்பதைக் காட்ட இடமே இல்லாமல் அதைச் செய்திருந்தார்கள். ஒரு மனிதர் எவ்வளவு தூரம் போவார் என்று முன்கூட்டியே முடிவுகட்டிப் பலகை செய்தால் இப்படித்தான் ஆகும்.

சரி, எங்கள் ஊர்ப் பக்கம் வருவோம். போட்டி ஆரம்பிக்கும் முன் ஒரு சோதனை செய்ய வேண்டும். ஸ்டார்ட்டரைக் கேமரா முன்னால் கோட்டுக்கே வரச் சொல்லி, ஒரு வெடி வெடிக்கச் சொல்லி, அந்த வெளிச்சம் படத்தில் சரியாகப் பூஜ்யத்தில் தெரிகிறதா என்று பார்ப்போம். ஆயிரத்தில் ஒரு பங்குக்கு மேல் விலகினால் கருவியைத் தொடக் கூடாது. ஒரு போட்டியில் இந்தச் சோதனை எல்லாம் முடித்து, காலையில் தகுதிச் சுற்றான ஹீட்ஸும் நன்றாகப் போய், மத்தியானம் பெண்கள் 100 மீட்டர் ஃபைனல். இடைவேளையில் மைதானத்துக்குத் தண்ணீர் தெளிக்க வந்த லாரி எங்கள் கேபிள் மேல் ஏறிப் போயிருக்கிறது. துப்பாக்கி வெடித்தது, கடிகாரம் ஓடவில்லை. நல்லவேளையாக ஸ்டாண்டில் வாட்சோடு மூன்று பேர் இருந்தார்கள், அவர்கள் புகையைப் பார்த்து எடுத்த நேரம்தான் மிஞ்சியது. ஜெயித்த பெண்ணுக்கு 12.3 என்று எழுதி, பக்கத்தில் கைநேரம் என்று குறித்தோம். அவள் அடுத்துப் போக வேண்டிய போட்டிக்கு மின்கருவி நேரம்தான் செல்லும் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அந்தப் பெண்ணின் அப்பா என்னிடம் வந்து கோபப்படவே இல்லை. "இன்னொரு தடவை ஓட விட முடியாதா சார்?" என்று மட்டும் கேட்டார். அன்றிலிருந்து ஒவ்வொரு ஃபைனலுக்கும் முன்னால் கேபிளை ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரைக்கும் நானே நடந்து பார்க்கிறேன், உதவிக்கு எத்தனை பேர் இருந்தாலும்.

முன்பெல்லாம் எங்களிடம் இருந்த வாட்ச் எண்ணிக்கைக்கு முதல் மூன்று பேருக்குத்தான் நேரம் எடுப்போம். மீதி ஐந்து பேர் எவ்வளவு நேரத்தில் ஓடினார்கள் என்று அவர்களுக்கே தெரியாது. கேமரா வந்த பிறகு எட்டு பேருக்கும் நேரம் வருகிறது. போன போட்டியில் முடிவுத் தாளைச் சுவரில் ஒட்டிவிட்டுத் திரும்பினால் ஒரு பையன், பதின்மூன்று வயது இருக்கும், செருப்பில்லாமல் நிற்கிறான். எட்டாவதாக வந்தவன். கடைசி வரியைக் காட்டி, "இது எனக்கா சார்?" என்றான். ஆமாம் என்றேன், 14.36. பேனா கேட்டான், கொடுத்தேன். உள்ளங்கையில் பெரிதாக எழுதிக்கொண்டு, பஸ் நிற்கிற பக்கம் ஓடிப்போனான்.

நன்றி, வணக்கம்.