சூரியன் நாலு தடவைதான் தெரிந்தது: கேப்டன் வொர்ஸ்லி

[திரையில்: எலிஃபன்ட் தீவிலிருந்து தென் ஜார்ஜியாவுக்கு ஒரு கோடு]

இந்தக் கோடு சுமார் 1,300 கிலோமீட்டர். 1916 ஏப்ரல் 24 அன்று ஆறு பேர் இதைக் கடக்கக் கிளம்பினார்கள், ஏழு மீட்டர்கூட இல்லாத படகில். அண்டார்டிகா பயணக் குழுவின் தலைவர் ஷாக்கிள்டனை எல்லோருக்கும் தெரியும். ஆனால் படகு எங்கே இருக்கிறது என்று சொல்ல வேண்டியவர் ஃபிராங்க் வொர்ஸ்லி.

1872-ல் நியூசிலாந்தின் அகரோவாவில் பிறந்தவர். மீசை முளைக்கும் வயதில் பாய்மரக் கப்பலில் சேர்ந்து, 1914-ல் ஷாக்கிள்டன் குழுவின் 'எண்டியூரன்ஸ்' கப்பலுக்குக் கேப்டனானார். ஆட்களை அதட்டி வேலை வாங்க வராது என்பார்கள். பனியில் சிக்கி நசுங்கிய அந்தக் கப்பல் 1915 நவம்பர் 21 அன்று மூழ்கிவிட்டது. அதிலிருந்தவர்கள் எலிஃபன்ட் தீவில் ஒதுங்கினார்கள்; உதவி தேடித்தான் அந்த ஆறு பேர் படகில் கிளம்பினார்கள்.

சரி, நடுக்கடலில் இடத்தை எப்படிக் கண்டுபிடிப்பது? அடிவானத்திலிருந்து சூரியன் எவ்வளவு உயரத்தில் என்று செக்ஸ்டன்டால் கோணம் அளக்க வேண்டும். அதே நொடியில் குரோனோமீட்டரில் மணி பார்க்க வேண்டும். அப்புறம் மாலுமிகளின் பஞ்சாங்கத்தைப் புரட்டிக் கணக்குப் போட வேண்டும்.

[திரையில்: அலைமேல் துள்ளும் படகு]

இங்கே அடிவானமே தெரியாது, அலைதான் தெரியும். வொர்ஸ்லி பலகையில் மண்டியிடுவார், இருபுறமும் இரண்டு பேர் பிடித்துக்கொள்வார்கள். படகு அலை உச்சிக்கு ஏறும் கணத்தில் குத்துமதிப்பாகக் கோணம் எடுத்து "நிறுத்து!" என்று கத்துவார். கித்தானுக்குள் இருக்கும் ஷாக்கிள்டன் மணியைக் குறித்துக்கொள்வார். பஞ்சாங்கமோ ஊறிப்போய், தாள்களைப் பிரித்தெடுக்க வேண்டிய நிலை. வழி முழுவதும் இப்படிச் சூரியனைப் பிடிக்க முடிந்தது நாலே தடவை.

எனக்குப் பிடித்தது இதற்கு அடுத்த கட்டம். கணக்கில் பத்து மைல் வரை பிசகலாம் என்று வொர்ஸ்லி ஒளிக்காமல் சொல்லிவிட்டார். தீவைத் தாண்டிவிட்டால் மேற்கிலிருந்து வீசும் காற்றை எதிர்த்துத் திரும்பி வரவே முடியாது. அதனால் ஆளில்லாத மேற்குக் கரையைக் குறிவைத்து, மே 10 அன்று கரையேறினார்கள். திமிங்கல வேட்டை நிலையங்கள் இருந்தது மறுபக்கம். வொர்ஸ்லி, ஷாக்கிள்டன், டாம் கிரீன் மூவரும் 36 மணி நேரம் பனிமலையைக் கடந்து, அந்த நிலையங்களில் ஒன்றான ஸ்ட்ராம்னெஸ் போய்ச் சேர்ந்தார்கள். எலிஃபன்ட் தீவில் காத்திருந்த 22 பேரும் ஆகஸ்ட் 30 அன்று உயிரோடு மீட்கப்பட்டார்கள்.

அதோடு மனிதர் கரையில் உட்காரவில்லை. 1917-ல் ஜெர்மன் நீர்மூழ்கி ஒன்றைக் கப்பலால் மோதி மூழ்கடித்தார். 1921-ல் 'குவெஸ்ட்' கப்பலில் மறுபடி தெற்கே, 1925-ல் ஆர்க்டிக். 1943-ல் காலமானார்.

[திரையில்: கடலடியில் கப்பலின் பின்பகுதி]

2022 மார்ச்சில் 'எண்டியூரன்ஸ்' 3,008 மீட்டர் ஆழத்தில் அகப்பட்டது. வொர்ஸ்லி குறித்துவைத்த இடத்திலிருந்து நாலு மைல் தெற்கே.