சம்பளப் பட்டியல் டிபிஎஸ்ஸா, எம்ஐஎஸ்ஸா?

அடுத்த கேள்வி, பி.காம். இரண்டாம் ஆண்டு படிக்கும் ஒரு மாணவி அனுப்பியது. வாசிக்கிறேன். "சார், சம்பளப் பட்டியல் போடுவது டிபிஎஸ் என்று ஒரு கைடில் இருக்கிறது. இன்னொரு கைடில் எம்ஐஎஸ் என்று போட்டிருக்கிறார்கள். எது சரி? அப்புறம், கம்ப்யூட்டர் இல்லாமல் தகவல் அமைப்பு இருக்க முடியுமா?"

டிபிஎஸ் என்றால் அன்றாடக் கொடுக்கல் வாங்கல்களைக் கணக்குப் பார்த்து முடிக்கும் அமைப்பு (Transaction Processing System). எம்ஐஎஸ் என்றால் மேலாளருக்கு அறிக்கை தரும் அமைப்பு (Management Information System). இரண்டுமே தகவல் அமைப்பில், அதாவது தரவைச் சேர்த்து வேண்டியவருக்குத் தகவலாகத் தரும் ஏற்பாட்டில், வகைகள். இரண்டாவது கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். அது தெளிந்தால் முதல் கேள்வி பாதி தீர்ந்துவிடும். கம்ப்யூட்டர் இல்லாமல் தகவல் அமைப்பு தாராளமாக இருக்க முடியும். வியாபாரத்துக்குக் கம்ப்யூட்டரைக் கொண்டுவந்த முதல் நிறுவனத்தின் கதையே அதற்குச் சாட்சி.

லண்டனில் ஜே. லயன்ஸ் என்று ஒரு நிறுவனம் இருந்தது. தேயிலை, ரொட்டி, கேக் விற்றவர்கள். 1894இல் பிக்காடிலியில் முதல் டீக்கடை திறந்தார்கள். டீக்கடை என்றதும் பெஞ்சும் பாய்லரும் மனதில் வரவேண்டாம். சீருடை போட்ட பெண்கள் மேசைக்கு வந்து பரிமாறும் உணவகம். பிற்காலத்தில் அப்படி இருநூறு கடைகளுக்கு மேல். ஒரு பன்னிலும் ஒரு கோப்பைத் தேநீரிலும் கிடைக்கும் லாபம் மிகச் சொற்பம். அந்தச் சொற்பத்துக்கும் பில், கணக்கு, சரிபார்ப்பு என்று எழுத்தர்கள் கூட்டமாக உட்கார்ந்து எழுதினால், லாபத்தை எழுத்து வேலையே தின்றுவிடும். அதுதான் அவர்களுடைய தலைவலி.

1923இல் ஜான் சிம்மன்ஸ் என்பவரை வேலைக்கு எடுத்தார்கள். கேம்பிரிட்ஜில் கணிதம் படித்தவர். அலுவலக நடைமுறைகளை ஆராய்வதற்கென்றே நிறுவனத்துக்குள் ஒரு பிரிவு உருவானது. ஒரு படிவத்தை எடுப்பார்கள். இதை யார் நிரப்புகிறார்? யார் படிக்கிறார்? படித்துவிட்டு என்ன செய்கிறார்? ஒன்றும் செய்யவில்லை என்றால் அந்தப் படிவம் எதற்கு? இந்தக் கேள்விகளைக் கம்ப்யூட்டர் வருவதற்கு முன்பே கேட்டு, வேலையைத் திருத்தி வைத்திருந்தார்கள். காகிதம், பேனா, ஆட்கள், நடைமுறை எல்லாம் சேர்ந்ததுதான் அவர்களுடைய தகவல் அமைப்பு. இயந்திரம் மட்டும்தான் பாக்கி.

1947இல் லயன்ஸ் அதிகாரிகள் இரண்டு பேர் அமெரிக்காவுக்குப் போனார்கள். அங்கே அலுவலகங்கள் எப்படி நடக்கின்றன என்று பார்ப்பதுதான் நோக்கம். பிரின்ஸ்டனில் கம்ப்யூட்டர் முன்னோடிகளில் ஒருவரான ஹெர்மன் கோல்ட்ஸ்டைனைச் சந்தித்தபோது அவர், "உங்கள் ஊர் கேம்பிரிட்ஜிலேயே மாரிஸ் வில்க்ஸ் ஒரு கம்ப்யூட்டர் செய்துகொண்டிருக்கிறாரே" என்ற தகவலைச் சொல்லி அனுப்பினார். திரும்பி வந்து வில்க்ஸைப் பிடித்தார்கள். அவருடைய எட்சாக் இயந்திரத்துக்கு 3,000 பவுண்டும் ஓர் ஆளும் கொடுத்து உதவினார்கள். 1949 மே மாதம் எட்சாக் ஓடியது. அதைப் பார்த்துத் தங்களுக்கென்று ஒன்று கட்டினார்கள். பெயர் லியோ. ஏறக்குறைய 6,000 வால்வுகள் (அந்தக் கால மின்னணுக் கண்ணாடிக் குழாய்கள்), நினைவகத்துக்குப் பாதரசம் நிரப்பிய குழாய்கள். கேக் விற்கிற கம்பெனி கம்ப்யூட்டர் செய்கிறது என்றால் இன்றைக்கும் நம்புவது கொஞ்சம் கஷ்டம்தான்.

1951 நவம்பரில் லியோவில் ஓடிய முதல் வழக்கமான வேலை, பேக்கரி மதிப்பீடு. இந்த வாரம் என்னென்ன செய்தோம், மூலப்பொருள், கூலி, மற்ற செலவுகள் எவ்வளவு என்ற கணக்கு. சம்பளப் பட்டியலை முதலில் ஏற்றவில்லை, கவனியுங்கள். பேக்கரிக் கணக்கு ஒரு நாள் தள்ளிப் போனால் யாரோ ஒரு மேலாளர் முகம் சுளிப்பார், அவ்வளவுதான். வெள்ளிக்கிழமை சம்பளம் வராவிட்டால் நிலைமை வேறு. நம்பிக்கை வந்த பிறகு, 1954இல்தான் சம்பளம் முழுமையாக லியோவுக்குப் போனது. அனுபவமுள்ள எழுத்தருக்கு எட்டு நிமிடம் பிடித்த ஓர் ஆளின் கணக்கை அது ஒன்றரை நொடியில் முடித்தது.

எனக்கு மிகவும் பிடித்தது அடுத்து வந்த டீக்கடை ஆர்டர் வேலை. ஒவ்வொரு கடைக்கும் தினமும் என்ன அனுப்புவது? கடைக்கு 100 பொருள் என்று வைத்துக்கொண்டால், 200 கடைக்கு 20,000 எண்ணிக்கை. அதைத் தினமும் உள்ளே ஏற்றவேண்டும் என்றால் லியோவே திணறிப்போகும். கணக்குப் போடுவதில் அது புலி. தரவை உள்ளே வாங்குவதும் வெளியே தருவதும்தான் இழுபறி. ஆகவே லயன்ஸ்காரர்கள் என்ன செய்தார்கள் என்றால், திங்கட்கிழமைக்கு இவ்வளவு, செவ்வாய்க்கு இவ்வளவு என்று ஒவ்வொரு கடைக்கும் நிலையான ஆர்டர் ஒன்றை வைத்துக்கொண்டார்கள். கடைப் பொறுப்பாளர் அம்மா மாற்றம் இருந்தால் மட்டும் தொலைபேசியில் சொல்வார். மழை வரும்போல இருக்கிறது, ஐஸ்கிரீமைக் குறை, சூப்பைக் கூட்டு. மறுமுனையில் கேட்பவர் அப்போதே, லியோ படிக்கும் அட்டையில் அதைத் துளைகளாகப் போட்டுவிடுவார். முடிவு அந்த அம்மாவுடையது. அவருடைய கடை வாசலில் யார் வருவார்கள் என்பது லியோவுக்குத் தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை. இந்த யோசனைக்கும் வால்வுக்கும் சம்பந்தமே இல்லை. உங்கள் பாடத்தில் வன்பொருள், மென்பொருள், தரவு, மக்கள், நடைமுறை என்று ஐந்து உறுப்புகளை எழுதச் சொல்வார்கள். பலர் கடைசி இரண்டையும் ஒரு வரியில் தள்ளிவிட்டுப் போய்விடுகிறார்கள். இங்கே அந்த இரண்டும்தான் வேலையை நடத்தின.

சரி, இப்போது முதல் கேள்வி. அந்த ஆர்டர் அட்டைகளிலிருந்து, எந்தக் கடைக்கு எதை எத்தனை கட்டி அனுப்புவது என்ற பட்டியல் வருகிறது. அதைப் பார்த்து ஒருவர் பெட்டி கட்டுகிறார். இது அன்றாடக் கொடுக்கல் வாங்கல், ஆகவே டிபிஎஸ். அதே ஆர்டர்களை வாரக் கணக்கில் தொகுத்து, எந்தக் கடை வழக்கத்தைவிட அதிகம் விலகிப் போகிறது என்று மேலாளருக்குக் கொடுத்தால் எம்ஐஎஸ். வெண்ணெய் விலை ஏறினால் எந்தக் கேக்கை நிறுத்துவது, எதற்கு விலை கூட்டுவது என்று எண்களை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தால் டிஎஸ்எஸ், அதாவது முடிவெடுக்க உதவும் அமைப்பு (Decision Support System). இந்தக் கடைசிப் பெயர் 1970களில் புழக்கத்துக்கு வந்தது, லியோ காலத்தில் கிடையாது. புத்தகத்தில் முக்கோணம் வரைந்து மூன்று அடுக்காகக் காட்டுவதால் மூன்றும் தனித்தனி இயந்திரம் என்று நினைத்துவிடுகிறோம். தரவு ஒன்றுதான். யார் கைக்குப் போகிறது, அவர் அதை வைத்து என்ன செய்யப்போகிறார் என்பதுதான் வித்தியாசம்.

ஆகவே உங்கள் இரண்டு கைடும் பாதி பாதி சரி. ஒவ்வொருவருக்கும் வருகை, மிகைநேரம், பிடித்தம் எல்லாம் கணக்குப் பார்த்துச் சம்பளச் சீட்டு அடிப்பது டிபிஎஸ். அதே தரவிலிருந்து, எந்தத் துறையில் மிகைநேரச் செலவு கூடிக்கொண்டே போகிறது என்று மாதாந்திர அறிக்கை எடுப்பது எம்ஐஎஸ். தேர்வில் ஒரு மதிப்பெண் கேள்வியாக வந்தால் டிபிஎஸ் என்று எழுதிவிடுங்கள், சம்பளப் பட்டியல் என்ற வேலைக்கு அதுதான் பொருந்தும். ஐந்து மதிப்பெண் என்றால் இரண்டையும் எழுதி, அந்த அறிக்கை யாருக்குப் போகிறது என்பதையும் ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.