நெற்றி சுருங்குகிறதா?

நேயர்களுக்கு வணக்கம்.

காலையில் வாய் கொப்பளிக்கும்போது தண்ணீர் ஒரு பக்கமாக ஒழுகுகிறது. கண்ணாடியில் பார்த்தால் வாய் கோணியிருக்கிறது, ஒரு கண்ணை மூட முடியவில்லை. பேருந்து ஜன்னலோரம் காற்றடித்ததால் வந்தது என்று வீட்டில் ஒருவர் சொல்வார், பக்கவாதம் என்று இன்னொருவர் பதறுவார். இரண்டுமே இல்லாமல், ஏழாவது மூளை நரம்பான முகநரம்பு மட்டும் வீங்கிச் செயலிழந்திருக்கலாம். இதைத்தான் முகவாதம் என்கிறோம். மருத்துவர்கள் சீட்டில் பெல்ஸ் பால்சி என்று எழுதுவார்கள். 1821-இல் இந்த நரம்பைப் பற்றி விளக்கிய ஸ்காட்லாந்து மருத்துவர் சார்லஸ் பெல்லின் பெயர் அது.

மூளையிலிருந்து நேராகக் கிளம்பும் நரம்புகள் 12 ஜோடி. அவற்றில் ஏழாவது ஜோடி செல்லும் பாதைதான் அதன் பலவீனம். காதுக்குப் பின்னுள்ள எலும்பில் ஏறத்தாழ 3 சென்டிமீட்டர் நீளமுள்ள வளைந்த குழாய்க்குள் அது நுழைந்து வர வேண்டும். அந்தக் குழாயின் மிகக் குறுகிய இடம் ஒரு மில்லிமீட்டர் அகலம்கூட இல்லை. உடலில் உறங்கிக் கிடக்கும் ஹெர்பிஸ் வைரஸ் விழித்தெழுவதால் நரம்பு வீங்குகிறது என்பதே இன்று பெரும்பாலோர் ஏற்கும் காரணம். வீங்கிய நரம்புக்கு விரிய இடமில்லை, எலும்பு நெரிக்கிறது.

முகத்தசைகளை அசைப்பது மட்டுமல்ல இதன் வேலை. நாக்கின் முன் மூன்றில் இரண்டு பங்குக்குச் சுவை உணர்வைக் கொண்டுவருவது, கண்ணீர் சுரக்க வைப்பது, காதுக்குள் பெரும் ஓசையைத் தணிக்கும் குட்டித் தசையை இழுத்துப் பிடிப்பது எல்லாம் இதுதான். அதனால்தான் சிலருக்குச் சாப்பாடு சப்பென்று இருக்கிறது, பாத்திரம் விழுந்த சத்தம் அந்தக் காதில் இடியாய்க் கேட்கிறது.

இனி, பக்கவாதத்திலிருந்து இதை எப்படிப் பிரித்தறிவது? வாய் கோணியவரைப் புருவங்களை உயர்த்தச் சொல்லுங்கள். நெற்றித் தசைகளுக்கு மூளையின் இரு பாதியிலிருந்தும் கட்டளை வருகிறது. மூளையின் ஒரு பாதியில் அடைப்பு ஏற்பட்டால் மறுபாதி கைகொடுக்கும். வாய் கோணினாலும் நெற்றியில் இரு பக்கமும் சுருக்கம் விழும். முகவாதத்தில் நரம்பே முடங்கியதால் அந்தப் பக்க நெற்றி வழுவழுவென்று கிடக்கும். ஆகவே வாய் கோணி நெற்றி நன்றாகச் சுருங்கினால்தான் அதிகம் பயப்பட வேண்டும். கை கால் தளர்ச்சி, பேச்சுக் குழறல், இரட்டைப் பார்வை, தள்ளாட்டம் இவற்றில் ஒன்று இருந்தாலும் நெற்றியைப் பார்த்துக் காத்திருக்காதீர்கள்; உடனே 108-ஐ அழையுங்கள். இரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு நாலரை மணி நேரமே அவகாசம். எதுவானாலும் முடிவு செய்ய வேண்டியவர் மருத்துவர். புருவச் சோதனையை வீட்டிலேயே தீர்ப்பாக்கிவிடக் கூடாது.

முகவாதம்தான் என்று உறுதியானால் 72 மணி நேரத்துக்குள் ஸ்டீராய்டு மாத்திரை தொடங்க வேண்டும். ஸ்காட்லாந்தில் நடந்து 2007-இல் வெளியான ஆய்வில் பிரெட்னிசோலோன் 25 மில்லிகிராம், நாளுக்கு இருவேளை, 10 நாள் கொடுத்தார்கள். ஒன்பது மாதத்தில் முழுதாகக் குணமானவர்கள் 94 சதவீதம். அந்த மருந்து இல்லாதவர்களில் 82. பச்சிலைப் பற்று, மந்திரிப்பு என்று முதல் வாரத்தைக் கழித்துவிட்டு வருபவர்கள் இழப்பது இந்த வாய்ப்பைத்தான். சர்க்கரை நோயாளிகளுக்கு ஸ்டீராய்டு சர்க்கரையை ஏற்றும். அதற்காக மருந்தைத் தவிர்க்காமல், மருத்துவரிடம் சொல்லி அந்தப் பத்து நாளும் அளவைப் பார்த்துக்கொள்ளலாம். காதில் கொப்புளமும் கடும் வலியும் இருந்தால் அது அக்கி வைரஸின் வேலை. வைரஸ் எதிர்ப்பு மருந்தும் சேர்த்துத் தர வேண்டும்.

மருந்தைவிட அதிகம் கவனிக்கப்படாமல் போவது கண். இமையைத் திறப்பது மூன்றாவது நரம்பு, மூடுவது ஏழாவது. மூடும் நரம்பு முடங்கிவிட்டால் கண் இரவெல்லாம் திறந்தே கிடக்கும். கருவிழி காய்ந்து புண்ணானால், முகம் நேரான பிறகும் பார்வை மங்கலாகவே நின்றுவிடலாம். பகலில் மணிக்கு ஒரு முறை செயற்கைக் கண்ணீர்ச் சொட்டு, வெளியே போனால் கண்ணாடி. இரவில் கீழிமைக்குள் கண் களிம்பை ஒரு அரிசி அளவு வையுங்கள். இமைத்தோலில் பட்ட பிசுபிசுப்பைத் துடைத்துவிடுங்கள். இல்லையென்றால் பிளாஸ்திரி ஒட்டாது. விரலால் இமையை முழுதாக மூடி, மேலிமையிலிருந்து கன்னம் நோக்கிக் காகிதப் பிளாஸ்திரியை ஒட்டுங்கள். மூடாத கண்மேல் பஞ்சை வைத்துக் கட்டுவது தவறு. உள்ளே கண் திறந்தால் பஞ்சு கருவிழியை உராயும். கண் சிவந்தாலோ, வலித்தாலோ, மங்கினாலோ அன்றே கண் மருத்துவரிடம் போக வேண்டும்.

சூயிங்கம் மெல்லச் சொல்பவர்கள் நிறைய. மெல்லும் தசைகள் ஐந்தாவது நரம்புக்குச் சொந்தம். அதை மென்று ஏழாவதுக்குப் பயன் இல்லை. முகத்தை முரட்டுத்தனமாக இழுத்துப் பயிற்சி செய்வதைவிட, கண்ணாடி முன் ஒவ்வொரு தசையாக மெதுவாக அசைப்பது நல்லது. நரம்பு நாளுக்குச் சுமார் ஒரு மில்லிமீட்டர் வளரும். வளரும்போது இழைகள் தடம் மாறிப் போவதுண்டு. அப்போது சிரித்தால் கண் மூடும், சாப்பிட்டால் கண்ணீர் வழியும். இப்படி ஆனவர்களுக்குப் பிசியோதெரபியும், தசையைத் தளர்த்தும் போட்டாக்ஸ் ஊசியும் உதவும்.

மூன்று மாதமாகியும் அசைவே திரும்பாவிட்டாலோ, கோணல் வாரக்கணக்கில் மெல்ல மெல்லக் கூடினாலோ, இரு பக்கமும் ஒன்றாக முடங்கினாலோ அது சாதாரண முகவாதமாக இல்லாமல் இருக்கலாம். கட்டி போன்ற வேறு காரணங்களைத் தேட வேண்டும், அதற்கு எம்.ஆர்.ஐ. அவசியம்.

வணக்கம்.