மருந்துக்கு முன்னால் தண்ணீரைப் பாருங்கள்

நேயர்களுக்கு வணக்கம். பெங்களூரு சிவாஜிநகரின் வளர்ப்பு மீன் கடைகளில் அடிக்கடி காதில் விழும் கேள்வி இது: "அண்ணா, மீன் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுது, என்ன மருந்து போடலாம்?"

முதலில் தொட்டித் தண்ணீரைச் சோதிக்கும் ஒரு டெஸ்ட் கிட் வாங்குங்கள் என்பேன். மூச்சு வாங்குவது, துடுப்பை ஒடுக்கி மூலையில் நிற்பது எல்லாம் பல வீடுகளில் அம்மோனியாவின் வேலை. மீனின் கழிவும் மிஞ்சிய தீனியும்தான் அம்மோனியாவாகின்றன. ஃபில்டர் ஸ்பாஞ்சில் வளரும் பாக்டீரியாக்கள் அதை நைட்ரைட்டாகவும், பிறகு அவ்வளவாகத் தீங்கில்லாத நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. புதுத் தொட்டியில் அவை பெருக 4 முதல் 6 வாரம் பிடிக்கும். நாமோ தொட்டி வந்த அன்றே கோல்டு ஃபிஷ்ஷை நிறைய விட்டுவிடுகிறோம். அப்புறம் ஸ்பாஞ்சைக் குழாயடியில் பளிச்சென்று கழுவுகிறோம். குழாயில் வரும் காவிரி நீரின் குளோரின் அந்தப் பாக்டீரியாக்களைக் கொல்லும். தொட்டித் தண்ணீரை வாளியில் எடுத்து, அதில் லேசாகப் பிழிந்தால் போதும்.

நம் ஊரில் இன்னொரு சிக்கல் உண்டு. 2024 கோடையில் எத்தனை வீடுகள் டேங்கரை நம்பி இருந்தன! காவிரி நீருக்குப் பழகிய மீனுக்குத் திடீரென்று டேங்கரில் வரும், தாது உப்பு மிகுந்த போர் தண்ணீரை ஊற்றினால் அது திணறும். பிஹெச், அதாவது தண்ணீரின் காரத்தன்மை, ஏறினால், அதே அளவு அம்மோனியா பல மடங்கு விஷமாகிவிடும். அதனால் தண்ணீர் மாறும் வாரங்களில் கொஞ்சம் கொஞ்சமாகவே மாற்றுங்கள். போர் தண்ணீரை ஒரு ராத்திரி ஏர் பம்ப் ஓடவிட்டு வையுங்கள்.

சரி, மீன் ஏற்கெனவே திணறுகிறதா? கால் பங்கிலிருந்து பாதி வரை, குளோரின் நீக்கிய, அதே வெப்பத்தில் உள்ள தண்ணீரை மாற்றுங்கள். இரண்டு நாள் தீனியை நிறுத்துங்கள். ஆரோக்கியமாக வளர்ந்த மீன் அதைத் தாங்கும்.

டிசம்பர் குளிரில் வரும் வெள்ளைப்புள்ளி நோய்க்கு மருந்து தேவைதான். ஆனால் உடம்பில் தெரியும் புள்ளிக்குள் இருக்கும் ஒட்டுண்ணியை மருந்து எட்டாது. அது வெளியே வந்து தண்ணீரில் நீந்தும் கட்டத்தில்தான் சாகும். புள்ளி மறைந்ததும் மருந்தை நிறுத்தினால் அடுத்த கூட்டம் வந்து ஒட்டிக்கொள்ளும். டப்பாவில் சொன்ன நாள்வரை போடுங்கள். ஃபில்டரில் கரி இருந்தால் எடுத்துவிடுங்கள், மருந்தை அது உறிஞ்சிவிடும். மெத்திலீன் ப்ளூ என்ற நீல மருந்து மட்டும் தொட்டியில் வேண்டாம். ஃபில்டர் பாக்டீரியாக்களை அது பாதிக்கும், மீனைத் தனித் தொட்டியில் வைத்துக் கொடுங்கள். வணக்கம்.