மியாமியில இருபது பேர்

எல்லாருக்கும் வணக்கம். மணி ஆறரை ஆச்சு, மழை வேற வர்ற மாதிரி இருக்கு, அதனால வெளியாள் வந்தா உள்ளூர்க்காரங்க கூலி கொறையுமாங்கிற தியரியெல்லாம் ஓரமா வெச்சுட்டு நேரா ஒரு ஊருக்குப் போயிடலாம். அமெரிக்காவுல மியாமி, 1980.

அந்த ஏப்ரல்ல கியூபாவோட தலைவர் ஃபிடல் காஸ்ட்ரோ, நாட்டை விட்டுப் போறவங்க போகலாம்னு அங்க இருக்கிற மரியல் துறைமுகத்தைத் திறந்துவிட்டார். மியாமியில ஏற்கனவே இருந்த கியூபாக்காரங்க கெடச்ச படகை எடுத்துக்கிட்டு சொந்தக்காரங்களைக் கூட்டிட்டு வரக் கெளம்ப, அஞ்சாறு மாசத்துல ஏறக்குறைய 1,25,000 பேர் வந்து எறங்கிட்டாங்க. அதுல பாதிப் பேர் அங்கயே தங்கிட்டதால மியாமியில வேலைக்கு நிக்கிற ஆளுங்க எண்ணிக்கை திடீர்னு 7 சதவீதம் ஏறிடுச்சு. ஆள் கூடினா கூலி கொறையும், இதைச் சொல்ல எக்கனாமிக்ஸ் படிச்சிருக்கணுமா என்ன, டீக்கடையில கேட்டாலே சொல்லிடுவாங்க.

ஆனா டேவிட் கார்ட்னு ஒரு எக்கனாமிஸ்ட் 1990ல போட்ட ஆராய்ச்சி பேப்பர்ல அப்படி ஒண்ணும் நடக்கலைன்னு சொன்னார். மியாமியை அட்லாண்டா, ஹியூஸ்டன், லாஸ் ஏஞ்சலஸ், டாம்பா நாலோடயும் பக்கத்துல வெச்சுப் பாத்தா, அதிகம் படிக்காத தொழிலாளிங்களோட சம்பளமோ வேலையில்லாத் திண்டாட்டமோ தனியா மோசமாகல. 2021ல நோபல் கெடச்சப்போ இந்தப் பேப்பரைப் பத்தியும் நெறைய பேசினாங்க.

இதுக்கெல்லாம் டேட்டா எங்கேர்ந்து வந்துச்சுன்னா, அமெரிக்க அரசு மாசாமாசம் வீடுவீடா எடுக்கிற சர்வே. சி.பி.எஸ்.னு சொல்வாங்க, இப்போ மாசம் சுமார் 60,000 வீடு. ஒரு வீட்டை 4 மாசம் கேப்பாங்க, 8 மாசம் விட்டுடுவாங்க, மறுபடி 4 மாசம். நாடு முழுக்கன்னா பெரிய சர்வேதான், ஆனா ஒரே ஊரு, அதுலயும் ஒரு பிரிவுன்னு நறுக்கிக்கிட்டே போனா கையில என்ன மிஞ்சும்?

இப்ப ஜார்ஜ் போர்ஹாஸ்னு இன்னொரு எக்கனாமிஸ்ட் வர்றார். கியூபாவோட தலைநகர் ஹவானாவுல பொறந்தவர், சின்னப் பையனா 1962ல அமெரிக்கா வந்தவர். கார்ட் தப்பான ஆளுங்களைப் பாத்துட்டார், வந்தவங்கள்ல சுமார் 60 சதவீதம் பேர் ஸ்கூல் முடிக்காதவங்க, அதனால அடி அவங்களை மாதிரி ஆளுங்களுக்குத்தான் விழுந்திருக்கும்னு சொல்லி, ஸ்கூல் முடிக்காத, ஹிஸ்பானிக் (கியூபா மாதிரி ஸ்பானிஷ் பேசுற நாடுகளைப் பூர்வீகமா கொண்டவங்க) இல்லாத, 25லேர்ந்து 59 வயசு ஆம்பளைங்களை மட்டும் எடுத்தார். சம்பளம் 10லேர்ந்து 30 சதவீதம் வரைக்கும் விழுந்திருக்கு! ஹிஸ்பானிக்கை ஏன் விட்டார்னா, அப்போ அந்த சர்வேயில எந்த நாட்டுல பொறந்தீங்கன்னு கேக்கவே மாட்டாங்க, அந்தக் கேள்வி 1994லதான் வந்துச்சு. அதனால புதுசா வந்த கியூபாக்காரங்களையும் ஏற்கனவே இருந்தவங்களையும் பிரிச்சுப் பாக்க முடியாது. நியாயமான காரணம்தான்.

ஆனா அப்படி நறுக்கினதுல வருஷத்துக்கு மிஞ்சினது இருபது பேர் சொச்சம். ஒரு டெம்போ டிராவலர்ல ஏத்திடலாம், அதை வெச்சு ஒரு நகரத்தோட கூலியைச் சொல்றோம். பொம்பளைங்களையும் மத்தவங்களையும் சேத்தா அந்தச் சரிவு காணோம்னு ஜோவானி பெரி, வாசில் யாசெனோவ்னு ரெண்டு எக்கனாமிஸ்ட்டுங்க காட்டினாங்க.

எனக்குப் பிடிச்சது அதுக்கப்புறம் மைக்கேல் கிளெமென்ஸ், ஜெனிஃபர் ஹன்ட்னு இன்னும் ரெண்டு எக்கனாமிஸ்ட்டுங்க தோண்டினதுதான். 1980 வாக்குல, கணக்குல விட்டுப்போன ஏழைக் கறுப்பின ஆம்பளைங்களையும் சேக்கணும்னு சர்வேக்காரங்க கூடுதலா மெனக்கெட்டிருக்காங்க. கரீபியன் நாடான ஹெய்ட்டியிலேர்ந்தும் கறுப்பின ஆளுங்க வந்திருந்தாங்க. அதனால அந்தச் சின்ன மியாமி சாம்பிள்ல கறுப்பினத்தவங்க பங்கு கிடுகிடுன்னு ஏறிடுச்சு, அவங்க வாங்கின சம்பளமோ கம்மி.

போர்டுல பாருங்க. போன வருஷம் 10 பேர்கிட்ட கேட்டேன், ஆளுக்கு 600 ரூபா. இந்த வருஷம் அதே 10 பேர், அதே 600, கூடவே போன வருஷம் நான் கதவைத் தட்டாத வீட்டுலேர்ந்து 300 ரூபா வாங்குற 5 பேர். மொத்தம் 7,500, பதினஞ்சால வகுத்தா 500. சராசரி 100 ரூபா விழுந்துடுச்சு, ஒருத்தர் பையிலயும் ஒரு பைசா கொறையல.

போர்ஹாஸ் ஒத்துக்கல, இனத்தைக் கணக்குல எடுத்தாலும் சம்பளம் விழுந்ததுதான்னு பதில் எழுதினார். எனக்கு கிளெமென்ஸ், ஹன்ட் பக்கம்தான் மனசு சாயுது, ஆனா அதை வெச்சு வேற எந்த ஊர்லயும் வெளியாள் வந்தா ஒண்ணும் ஆகாதுன்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன். மியாமியில கியூபாக்காரங்களை வேலைக்கு வெச்சுக்க ரெடியா துணி தைக்கிற கம்பெனிங்களும் ஸ்பானிஷ் பேசுற முதலாளிங்களும் முன்னாடியே இருந்தாங்க, எல்லா ஊருக்கும் அந்த வசதி இருக்காது.

கேள்வி இருக்கா? பின்னாடி அந்தத் தம்பிகிட்ட மைக்கைக் குடுங்க, ரொம்ப நேரமா கையைத் தூக்கிட்டு இருக்கார்.