மட்டியின் கடன் கொப்பி

மட்டக்களப்பு வாவிக்கரையில், கல்லடியில் இருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறார்: “சேர், வாவியில் மாசு இருக்கா என்று பார்க்க ஒரு போத்தல் தண்ணீர் போதாதா? பாவம், மட்டியை ஏன் பிடிக்கிறார்கள்?” அந்தப் ‘பாவம்’ இரண்டு நாளாக என்னைக் குடைகிறது.

சரி. வயல் வடிச்சலும் ஊர்க் கழிவும் மழையோடு வாவிக்குள் இறங்குகிறது. நீங்கள் நாலு நாள் கழித்துப் போத்தலோடு போனால் வந்தது போயிருக்கும். இரண்டு ஓடுள்ள சிப்பி இனமான மட்டியோ நாள் முழுக்கத் தண்ணீரை உள்ளே இழுத்து, இரையை வடித்தெடுத்து, மிச்சத்தை வெளியே விடுகிறது. வளர்ந்த ஒன்று மணிக்கு லீற்றர் கணக்கில் வடிக்கும். கூட வருகிற ஈயமும், பொஸ்பேற்று உரத்தில் ஒட்டி வருகிற கட்மியம் என்ற நச்சு உலோகமும் சதையில் சேரும். தண்ணீர் அன்றைய கல்லாக் காசு. மட்டி கடன் கொப்பி.

மீனைப் பிடிக்கலாமே என்பீர்கள். மீன் ஓடிவிடும், மட்டி இருந்த இடத்தில் இருக்கும். அதனால்தான் 1975இல் எட்வர்ட் கோல்ட்பர்க் என்ற விஞ்ஞானி உலகக் கரையெல்லாம் மட்டியை வைத்தே கண்காணிக்கலாம் என்றார். அமெரிக்கா 1986 முதல் அப்படிச் செய்கிறது. மட்டி இல்லாத இடமென்றால், சுத்தமான இடத்து மட்டியை வலைப் பையில் கட்டித் தொங்கவிட்டுச் சில வாரம் கழித்து எடுப்பார்கள். மீனை அப்படிக் கட்டிவைக்க முடியுமா?

பிரான்சில் ஆர்க்காஷோன் என்ற குடாவில் 1970களின் கடைசியில் சிப்பி ஓடெல்லாம் தடித்துக் கோணலாகி, குஞ்சும் நிற்காமல் போனது. காரணம், படகின் அடியில் பாசி பிடிக்காமல் பூசும் பெயின்ற். அதிலிருந்த வெள்ளீயச் சேர்மம் தண்ணீரில் மிக மிக அற்ப அளவு. சிப்பிக்கு அது போதும். 25 மீற்றருக்குக் குறைந்த படகுகளுக்கு அதை 1982இல் தடைசெய்தார்கள்.

ஆனால் மட்டி சொல்வதையெல்லாம் அப்படியே நம்பவும் கூடாது. மாரியில் வாவியின் உப்பு இறங்கினால் அது வாயை மூடிக்கொள்ளும், கணக்கு எழுதாது. அப்புறம், சிப்பி இயல்பாகவே துத்தநாகத்தைச் சேர்க்கும். அதைப் பார்த்துப் பயப்பட வேண்டியதில்லை.

தங்கச்சி, நீங்கள் கேட்டிருக்க வேண்டியது வேறு: அந்த மட்டியை நாங்கள் தின்னலாமா? அவித்தால் கிருமி சாகும், கட்மியம் போகாது. சுத்தத் தண்ணீரில் இரண்டு நாள் விட்டால் கிருமி குறையும். உலோகம் இறங்க வாரமும் ஆகும், மாதமும் ஆகும். என் அம்மா மட்டிக்காரியிடம் விலைக்கு முதல் கேட்பது, “எங்க அள்ளின?” ஊர்க் கழிவு விழுகிற பக்கம் என்றால் வேண்டாம். ருசிக்காகக் கேட்கிறார் என்றுதான் வெகுகாலம் நினைத்திருந்தேன்.