ஹார்ன் ஊதியவரின் குரல்: டெனர் ஃபிரிட்ஸ் வுண்டர்லிஷ்

நேயர்களுக்கு வணக்கம்.

ஜெர்மன் ஓபரா பாடகர் ஃபிரிட்ஸ் வுண்டர்லிஷ் 1966 செப்டம்பர் 17 அன்று ஹைடல்பெர்க் நகரில் உள்ள ஒரு மருத்துவமனையில் காலமானார். 36 வயது நிறைய இன்னும் ஒன்பது நாள் இருந்தது. தொழில்முறை மேடையில் அவர் நின்றது 11 ஆண்டுகள்தான். ஆனால் 2008-இல் பிபிசியின் இசை இதழ் எல்லாக் காலத்துக்குமான டெனர்களை, அதாவது உயர்ந்த ஸ்தாயியில் பாடும் ஆண் குரல்காரர்களை, வரிசைப்படுத்தியபோது டொமிங்கோ, கரூஸோ, பவரொட்டி ஆகியோருக்கு அடுத்தபடியாக நான்காவது பெயர் இவருடையது. முன்னால் நிற்கும் மூவரும் இத்தாலிய ஓபராவில் பேர் வாங்கியவர்கள். இவரோ பெரும்பாலும் ஜெர்மன் மொழியிலேயே பாடியவர். பாடுவதற்குக் கரடுமுரடான மொழி என்று பலர் ஒதுக்கும் அந்த மொழியில் எண்ணெய் வழுக்குவது போலப் பாடிக் காட்டினார். அது எப்படி முடிந்தது என்பதைத்தான் இன்று பேசப் போகிறேன்.

ஜெர்மனியின் தென்மேற்கில் ஃபால்ஸ் என்றொரு பகுதி. அங்கே கூசல் என்ற சிற்றூரில் 1930 செப்டம்பர் 26 அன்று பிறந்தார். தந்தை செல்லோ வாசிப்பவர், வாத்தியக் குழுவை நடத்துபவர். தாய் வயலின் கலைஞர். ஃபிரிட்ஸுக்கு ஐந்து வயதாகும்போது தந்தை தற்கொலை செய்துகொண்டார். குடும்பத்தைத் தாய் இசையைக் கொண்டே காப்பாற்றினார். பையனும் சிறு வயதிலேயே அக்கார்டியன், டிரம்பெட், ஹார்ன் என்று கைக்குக் கிடைத்ததையெல்லாம் கற்றுக்கொண்டு, ஊர் விழாக்களில் நடன இசைக் குழுவோடு வாசித்துச் சம்பாதித்தான். 1950-இல் ஃப்ரைபுர்க் இசைக் கல்லூரியில் சேர்ந்தபோதும் படிப்புச் செலவு நடன இசையிலிருந்துதான் வந்தது. அங்கே அவர் ஹார்ன் படித்தார், கூடவே மார்கரேட்டே ஃபொன் வின்டர்ஃபெல்ட்டிடம் குரல் பயிற்சியும் பெற்றார்.

இந்த ஹார்ன் விஷயத்தைச் சாதாரணமாகக் கடந்துபோக எனக்கு மனமில்லை. ஹார்ன் என்பது வட்டமாகச் சுருட்டிய நீளமான பித்தளைக் குழாய். அதன் மேல் ஸ்தாயியில் சுரங்கள் ஒன்றையொன்று ஒட்டினாற்போல் நெருங்கிக் கிடக்கும். விரல் மாற்றாமலே, உதட்டின் இறுக்கம் ஒரு நூல் மாறினால்கூடப் பக்கத்துச் சுரம் பேசிவிடும். அதனால் ஹார்ன் வாசிப்பவர் ஊதுவதற்கு முன்பே அந்தச் சுரத்தை மனத்துக்குள் கேட்டாக வேண்டும். ஊதிப் பார்த்துத் திருத்திக்கொள்ளலாம் என்று இருந்தால் சபை முழுக்கக் கேட்கும்படி பிசிறு தட்டும். காற்றும் அப்படித்தான். சுரம் முடியும் வரை அழுத்தம் ஒரே சீராக இருக்க வேண்டும். முதலில் தாராளமாக விட்டுவிட்டுக் கடைசியில் திணறக் கூடாது.

இந்த இரண்டு பழக்கமும் குரலுக்கு அப்படியே வந்து சேர்ந்தால் என்ன கிடைக்கும்? வுண்டர்லிஷின் எந்தப் பதிவையும் போட்டுக் கேளுங்கள். சுரத்தை அவர் கீழிருந்து தடவிப் பிடிப்பதில்லை. குரல் எழும்போதே சுரத்தின் நட்டநடுவில் எழுகிறது. நீண்ட சுரத்தின் வாலில் குரல் மெலிவதும் இல்லை. ஹார்ன் ஊதியதால் மட்டுமே இது வந்தது என்று யாரும் நிரூபிக்க முடியாது. ஆனாலும் அந்த உறவை என் காது நம்புகிறது.

1955-இல் ஷ்டுட்கார்ட் அரசு ஓபராவில் வேலை கிடைத்தது. ஜெர்மன் ஓபரா அரங்குகளின் நடைமுறையைக் கொஞ்சம் சொன்னால்தான் அடுத்தது புரியும். அங்கே பாடகர்கள் மாதச் சம்பளத்துக்கு இருப்பவர்கள். ஒவ்வொரு குரலையும் 'ஃபாக்' என்ற பிரிவுக்குள் வைத்துத்தான் ஒப்பந்தம் எழுதுவார்கள். டெனரிலேயே நகைச்சுவைப் பாத்திரங்களுக்கு ஒன்று, மென்மையான காதலர் பாத்திரங்களுக்கு லிரிக் டெனர், வாக்னரின் வீரர்களுக்கு ஹெல்டன் டெனர் என்று பல பிரிவுகள். புதிதாக வருபவருக்கு முதலில் இரண்டு வரிப் பாத்திரங்கள்தான் கிடைக்கும். வுண்டர்லிஷுக்குக் கிடைத்தது வாக்னரின் மைஸ்டர்ஸிங்கர் ஓபராவில் உல்ரிஷ் ஐஸ்லிங்கர். மேடையில் நிற்கும் பன்னிரண்டு பாட்டு வித்தகர்களில் ஒருவர், தனியாகப் பாட அதிகமில்லை. அடுத்த ஆண்டு, மூத்த டெனர் யோசஃப் டிராக்ஸல் பாட வேண்டிய மோட்சார்ட்டின் மாயப் புல்லாங்குழலில் அவருக்குப் பதிலாக டமினோ இளவரசனாகப் பாடும் வாய்ப்பு வந்தது. டமினோவை மாணவராக ஃப்ரைபுர்க்கிலேயே பாடியிருந்ததால் பாத்திரம் தயாராக இருந்தது. அந்த இரவோடு அவர் நிலை மாறியது. ஷ்டுட்கார்ட் வாத்தியக் குழுவில் ஹார்ப் வாசித்த ஏவா யுங்னிட்ஷை அவர் மணந்ததும் அதே 1956-இல்தான்.

டமினோவின் முதல் ஆரியாவை, அதாவது தனிப்பாட்டை, கொஞ்சம் நெருங்கிப் பார்ப்போம். இளவரசன் கையில் இரவு அரசியின் மகள் பமினாவின் ஓவியத்தைக் கொடுக்கிறார்கள். அதைப் பார்த்த மாத்திரத்தில் பாடுகிறான்: "டீஸ் பில்ட்னிஸ் இஸ்ட் பெட்சௌபெர்ன்ட் ஷோன்". மனத்தை மயக்கும் அழகுள்ள ஓவியம் இது என்று பொருள். ஈ-ஃப்ளாட் மேஜர் சுருதி, மெதுவான நடை. முதல் சொல் பி-ஃப்ளாட்டில். அடுத்த அசையே ஆறு சுரம் தாண்டி மேல் ஜி-யில். முன்னோட்டமாகப் பாடிக் குரலைச் சூடேற்றிக்கொள்ள வழியில்லை, எடுத்த எடுப்பில் தாவ வேண்டும்.

அந்த ஜி எங்கே இருக்கிறது என்பதில்தான் சிக்கல். டெனர் குரலுக்கு ஏறத்தாழ ஈ, எஃப், ஜி ஆகிய சுரங்களின் பகுதி ஒரு வாசற்படி. இத்தாலியர்கள் அதை 'பஸாஜ்ஜோ' என்பார்கள். அதற்குக் கீழே பேச்சுக் குரலின் கனம் இயல்பாக வரும். அதே கனத்தோடு, வாயை அகலத் திறந்த உயிரொலியோடு மேலே ஏறினால் குரல்வளை தூக்கிக்கொள்ளும். பாட்டு கூச்சலாக மாறும், சுருதி நழுவும், கடைசியில் குரல் உடையும். இதற்குப் பயந்து உயிரொலியை அளவுக்கு மீறிக் குவித்தால் ஒலி போர்வைக்குள்ளிருந்து வருவதுபோல மங்கும், சொல் புரியாது. நல்ல ஆசிரியர்கள் சொல்வது: படியேறும்போது உயிரொலியைச் சிறிதளவு உருட்டு, மூச்சின் அழுத்தத்தைக் கூட்டாதே, தொண்டையை இறக்கி வை. சொல்ல எளிது. பெரும்பாலான பாடகர்களிடம் அந்த மாற்றம் நடக்கும் இடத்தைக் காது கண்டுபிடித்துவிடும், துணியில் தையல் தெரிவதுபோல. கார்ல் போம் நடத்த, பெர்லின் ஃபில்ஹார்மோனிக் வாசிக்க, 1964-இல் வுண்டர்லிஷ் பாடிய பதிவில் நான் அந்தத் தையலை எத்தனையோ முறை தேடியிருக்கிறேன். கிடைக்கவில்லை.

இதோடு சேர்த்து மொழி. 'பில்ட்னிஸ்' என்ற சொல்லில் ல், ட், ன் என்று மூன்று மெய்யொலிகள் ஒன்றன்பின் ஒன்றாக மோதுகின்றன. மெய் வந்தால் காற்று தடைபடும், காற்று தடைபட்டால் இசைக்கோடு அறுபடும். வுண்டர்லிஷ் உயிரொலியைச் சுரத்தின் கடைசி நுனி வரை இழுத்து வைத்துக்கொண்டு, மெய்களை அடுத்த அசையின் வாசலில் மின்னல்போலத் தட்டிவிட்டுப் போகிறார். ஒரு மெய்யையும் விழுங்குவதில்லை. ஜெர்மன் தெரிந்தவர் தாளைப் பார்க்காமலே எழுதிக்கொள்ளலாம், அவ்வளவு தெளிவு. கோடும் அறுபடவில்லை.

ஓபரா அரங்கில் ஒலிபெருக்கி கிடையாது என்பதையும் நேயர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். வாத்தியக் குழுவின் ஒலி வலிமை 500 ஹெர்ட்ஸ் பக்கத்தில் உச்சத்தில் இருந்து, அதற்கு மேல் குறைந்துகொண்டே போகும். பயிற்சி பெற்ற ஆண் குரலில் 3,000 ஹெர்ட்ஸ் பக்கம் ஒரு கூடுதல் பிரகாசம் உண்டு. வாத்தியங்கள் மெலிந்திருக்கும் அந்த இடைவெளி வழியாகத்தான் ஒரு மனிதக் குரல் அத்தனை வயலின்களைத் தாண்டிக் கடைசி வரிசைக்குப் போகிறது. கத்துவதால் இது வராது. கத்தும்போது தொண்டை இறுகி, இந்தப் பிரகாசம்தான் முதலில் போகும்.

1958-இல் ஃப்ராங்ஃபுர்ட், 1960-இல் மியூனிக், 1962-இல் வியன்னா அரசு ஓபரா என்று படிகள் ஏறின. நடுவே 1959-இல் ஸால்ட்ஸ்புர்க் விழாவில் ரிஷார்ட் ஷ்ட்ரௌஸின் 'பேசா மடந்தை' ஓபராவில் ஹென்றியாகப் பாடியதுதான் வெளியுலகம் திரும்பிப் பார்த்த தருணம். புதிய இசைக்கும் அவர் ஒதுங்கவில்லை. அதே ஆண்டு டிசம்பரில் கார்ல் ஓர்ஃபின் 'ஈடிபஸ்' ஷ்டுட்கார்ட்டில் முதன்முறை அரங்கேறியபோது தீர்க்கதரிசி டைரீஸியாஸ் அவர்தான்.

எதைப் பாடவில்லை என்பதும் முக்கியம். வாக்னரில் அவர் பதிவு செய்தவை சிறிய, மென்மையான பாத்திரங்கள். பறக்கும் டச்சுக்காரனில் மாலுமி, டான்ஹொய்ஸரில் வால்தர். இரண்டும் 1960-இல். குரலில் ஒளி இருக்கிறதே என்று லிரிக் டெனரைக் கனமான பாத்திரங்களுக்கு இழுக்கும் ஆசை அரங்க நிர்வாகங்களுக்கு எப்போதும் உண்டு. சம்பளமும் கூடும். இணங்கியவர்களுக்குச் சில ஆண்டுகளில் முதலில் போவது மெல்லப் பாடும் திறன், அடுத்தது நீண்ட சுரத்தின் நிலைத்தன்மை. சுரம் ஊசலாடத் தொடங்கும். வுண்டர்லிஷ் மோட்சார்ட்டையே வீடாக வைத்துக்கொண்டார். வெர்டியின் ஆல்ஃப்ரெடோ, சைக்கோவ்ஸ்கியின் லென்ஸ்கி, ஸ்மெட்டனாவின் யெனிக் போன்ற பாத்திரங்களுக்காக வெளியே போய் வந்தார். அன்றைய ஜெர்மன் அரங்குகளின் வழக்கப்படி இவற்றில் பலவற்றை ஜெர்மன் மொழிபெயர்ப்பில்தான் பாடினார். 1962-இல் மியூனிக்கில் பதிவான லென்ஸ்கியின் விடைபெறும் பாட்டு ரஷ்ய மொழியில் இல்லையே என்ற குறை, இரண்டாவது வரி தாண்டுவதற்குள் எனக்கு மறந்துபோகிறது.

அவருடைய வலிமை என்ன என்று ஒரே பதிவில் அறிய விரும்புபவர், மாலரின் 'மண்ணுலகின் பாடல்' படைப்பை ஓட்டோ க்ளெம்பெரர் நடத்தியதைக் கேட்கலாம். ஆறு பாட்டில் ஒன்று, மூன்று, ஐந்து டெனருக்கு. மற்றவை கிறிஸ்டா லுட்விக் பாடியவை. பதிவு 1964-லிலும் 1966-லிலும் துண்டு துண்டாக நடந்தது. இடையில் லண்டன் ஃபில்ஹார்மோனியா குழு கலைக்கப்பட்டுப் புதிய பெயரில் எழுந்ததால் இசைத்தட்டின் உறையில் இரண்டு பெயரும் இருக்கும். முதல் பாட்டு, கசப்பான குடிப்பாட்டு, டெனர்களின் கல்லறை என்று சொல்லத்தக்கது. மொத்த வாத்தியக் குழுவும் ஹார்ன்களை முன்னிறுத்திப் பாய்ந்து வர, குரல் அதற்கு மேலே உயரத்திலேயே நின்றாக வேண்டும். இதை வீரக் குரல்கள் கனத்தால் வெல்வார்கள். வுண்டர்லிஷ் வெல்வது அந்த 3,000 ஹெர்ட்ஸ் பிரகாசத்தால். எஃகுக் கம்பிபோல உள்ளே புகுந்து வெளியே வருகிறது குரல்.

பியானோவோடு மட்டும் பாடும் 'லீட்' வடிவம் அவருக்கு உழைத்துத்தான் கைவந்தது. ஓபராவில் ஒரு பாத்திரம், அங்கி, விளக்கு, மூன்று மணி நேரம். லீட் பாட்டில் இரண்டு நிமிடத்துக்குள் ஒரு மனநிலையைக் கட்டி முடிக்க வேண்டும், குரலின் அழகைக் காட்டிக்கொண்டு நின்றால் கவிதை ஓடிவிடும். இதற்கு அவருக்கு வழிகாட்டியாக வாய்த்தவர் தம்மைவிட 30 வயதுக்கு மேல் மூத்த பியானோ கலைஞர் ஹூபர்ட் கீஸன். இருவரும் சேர்ந்து ஷூமனின் 'கவிஞனின் காதல்' தொகுப்பையும் ஷூபர்ட்டின் 'அழகிய ஆலைக்காரப் பெண்' தொகுப்பையும் பதிவு செய்தார்கள். 1966 செப்டம்பர் 4 அன்று எடின்பர்க் விழாவில் பாடியதுதான் கடைசிக் கச்சேரி. அதன் ஒலிப்பதிவு தப்பிப் பிழைத்திருக்கிறது. ஸ்டூடியோவில் பாடிய 'கவிஞனின் காதல்' அழகு. எடின்பர்க்கில் பாடியது அதைவிட ஆழம். சொற்களுக்கு நடுவில் காத்திருக்கக் கற்றுக்கொண்ட ஒருவர் அதில் பாடுகிறார்.

அடுத்த மாதம் நியூயார்க் மெட்ரோபாலிட்டனில் மோட்சார்ட்டின் டான் ஜொவானியில் டான் ஓட்டாவியோவாக முதல்முறை மேடையேற வேண்டியிருந்தது. அதற்கு முன் சில நாள் ஓய்வுக்காக ஓபர்டெர்டிங்கன் என்ற ஊரில் நண்பரின் வேட்டை மாளிகைக்குப் போனார். அங்கே கல் படிக்கட்டில் தவறி விழுந்தார். மண்டையோடு உடைந்தது. மியூனிக் வனக் கல்லறையில் அடக்கம்.

வானொலியில் பேசிக்கொண்டே வானொலிக்கு நன்றி சொல்லாமல் விட முடியாது. இன்று நாம் கேட்கும் வுண்டர்லிஷில் பெரும் பங்கு, ஜெர்மன் பிராந்திய வானொலி நிலையங்கள் தங்கள் அன்றாட ஒலிபரப்புக்காகப் பதிந்து வைத்த நாடாக்கள். கைஸர்ஸ்லௌடர்ன் நிலையத்தின் குழுவை நடத்திய எம்மெரிஷ் ஸ்மோலா போன்றவர்களுடன் ஆப்பரெட்டா என்ற இலகுவான இசை நாடகப் பாட்டு, நடனப் பாட்டு, பழைய தேவாலய இசை எல்லாம் பாடியிருக்கிறார். பாக்கின் ஆரியாவுக்குக் கொடுத்த அதே மூச்சைக் கல்யாண வீட்டுப் பாட்டு ரகத்துக்கும் கொடுக்கிறார், குறைத்துக்கொள்வதில்லை.

கடைசியாக ஒரு பதிவு. ஹைடனின் 'படைப்பு' என்ற பெரும் இசைப் படைப்பை ஹெர்பர்ட் ஃபொன் காரயான் 1966-இல் பதியத் தொடங்கினார். தேவதூதன் ஊரியேலின் ஆரியாக்களை வுண்டர்லிஷ் பாடி முடித்துவிட்டார். கதை சொல்லும் வசன இசைப் பகுதிகள் மிச்சமிருந்தன. அவர் போன பிறகு அவற்றை வெர்னர் க்ரென் என்ற இளம் டெனரைக் கொண்டு பாட வைத்து நிறைவு செய்தார்கள். இரண்டாம் பாகத்தின் இறுதிப் பகுதிக்குப் போங்கள். "கடவுள் மனிதனைத் தம் சாயலில் படைத்தார்" என்று க்ரென் சொல்லி நிறுத்துவார். நேர்த்தியான, இளமையான குரல். பிறகு வாத்தியங்கள் சிறிது நேரம் தனியாக வாசிக்கும். அதைத் தொடர்ந்து, கண்ணியத்தோடும் அழகோடும் நிமிர்ந்து நிற்கும் மனிதனைப் பற்றிய ஆரியா தொடங்கும். அங்கே பாடுவது வுண்டர்லிஷ்.

வணக்கம்.